உருவொத்த இரு அமீபாக்கள்

விலங்கு நூல் கற்கப் புகும் மாணவனுக்கு முதற்பாடமாக அமைவது அமீபா. குளத்தின் அடிச்சேற்றினின்றும் எடுத்த ஒரு துளி நீரைக் கண்ணாடித் தகட்டின்மேல் இட்டு, மைக்ராஸ்கோப் என்னும் உருப்பெருக்கியின்கீழ் வைத்துப் பொறுமையோடு நோக்குவானாயின், கூழ்த்துளி போன்ற ஒன்று கணந்தோறும் வடிவு மாறி ஊர்ந்து செல்வதை அவன் காண்பான். அதற்குக் கால் இல்லை. வேண்டுமிடத்து உடலே காலாக நீளும். வாய் இல்லை; உணவு எதிர்ப்பட்ட இடத்தில் உடலே வாயாகச் சூழ்ந்து விழுங்கும். இத்தகைய உயிரை 1755-ஆம் ஆண்டில் கண்டு, வரைந்து, வெளியிட்டவர் ஜெர்மனி தேசத்து நூரம்பெர்க் நகரத்துச் சித்திரக்காரராகிய ரோஸெல் என்பவர். அவர் அதனைச் 'சிறிய புரோட்டியஸ்' என்று அழைத்தார். புரோட்டியஸ் என்பான் கிரேக்க புராணத்தில், பிடிக்க வருவோர் கைக்கு அகப்படாது பல வடிவம் எடுக்கும் கடல் தேவன் ஆவான்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. பறவையினத்தைச் சிறகாலும் அலகாலும் பிரித்தறிகிறோம். மீனைச் செதிலாலும் துடுப்பாலும், செடியை மலராலும் இலையாலும் அறிகிறோம். நிலைத்த உருவம் என்பதே இல்லாத ஓர் உயிருக்கு, 'இஃது இன்ன இனம், இது புதிய இனம்' என்று எவ்வாறு இலக்கணம் வகுப்பது? இவ்வினா ஆராய்ச்சிக் கூடத்துக்குள் மட்டும் அடங்கிய ஒன்றன்று. இதற்கு அளிக்கப்பெற்ற தவறான விடை ஒன்றினால், எண்ணற்ற மக்கள் தமக்கு இல்லாத நோய்க்கு மருந்துண்ண நேர்ந்தது. அவ்வரலாற்றை ஈண்டு சுருங்கக் கூறுவாம்.

அமீபாவின் புறவடிவம் நிலையற்றதாயினும், அதன் உள்ளமைப்பு அத்துணை நிலையற்றதன்று. ஆராய்ச்சியாளர் நான்கு குறிகளை நோக்குவர். முதலாவது, அதன் நடை. உயிரோடிருக்கையில் பொய்க்கால்களை எவ்வாறு நீட்டுகின்றது, ஒரே திசையில் செல்கின்றதா, அன்றி நின்ற இடத்திலேயே நெளிகின்றதா என்பதைப் பார்ப்பர். இரண்டாவது, அதன் ஜீவசத்து. வெளிப்புறம் தெளிந்தும் உட்புறம் மணல்போற் குறுணையாகவும் இருக்குமாயின், அவ்விரண்டிற்கும் உள்ள எல்லை எவ்வளவு தெளிவானது, அது விழுங்கியிருப்பவை பாக்டீரியாக்களா இரத்த அணுக்களா என்பதை அறிவர். மூன்றாவது, அதன் உட்கரு. உயிருள்ள அமீபாவில் இது தெளிவாகத் தோன்றுவது அரிது. ஆதலின் அமீபாவை அதன் அமைப்புக் குலையாதவாறு ஒரு திராவகத்தால் திடீரெனக் கொன்று, ஹெமடாக்ஸிலின் என்னும் சாயத்தை ஊட்டுவர். சாயம் ஏறியவுடன் உட்கரு கரிய கோடுகளால் வரைந்த சிறு வட்டம்போல் விளங்கித் தோன்றும். நான்காவது குறி, அதன் உறைநிலை. இடம் மாறுங்கால் பல அமீபாக்கள் உடலை உருண்டையாகத் திரட்டித் தம்மைச் சுற்றி உறுதியான உறையொன்றை அமைத்துக்கொள்ளும். அவ்வுறையினுள் உட்கரு எத்தனையாகப் பிரிகின்றது என்பது இனத்துக்கு இனம் வேறுபடும்.

இவற்றுடன் அளவும் வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கை மைக்ரான் என்பர். ஒன்றிரண்டை அளந்து முடிவு கூறுதல் ஆகாது. பற்பல உறைகளை அளந்து, எந்த அளவு மிகுதியாகக் காணப்படுகின்றது என்று நிரல்படுத்தல் வேண்டும். இங்ஙனம் கண்டவற்றை எழுதி, படம் வரைந்து, சாயமூட்டிய தகடுகளைப் பாதுகாத்து, ஒரு பெயருமிட்டு வெளியிட்டால் புதிய இனம் ஒன்று நூலில் இடம்பெறும். அப்பெயருக்குப் பின் அதனை வகுத்தவர் பெயரும் ஆண்டும் என்றும் நின்று நிலவும். அது பெருமை மட்டுமன்று, பொறுப்புமாகும்.

இனி, மனிதன் குடலில் வாழும் அமீபாக்களுக்கு வருவோம். 1870-ஆம் ஆண்டில் கல்கத்தாவில், லூயிஸ் என்னும் பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர், வாந்திபேதி கண்டோரின் மலத்தை ஆராய்கையில் அதில் அமீபாக்கள் உலாவக் கண்டார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1875-இல், ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் லோஷ் என்பவர், கொடிய சீதபேதியால் வருந்தி இறந்த ஓர் உழவனிடம் எண்ணிறந்த அமீபாக்கள் இருந்தமையைத் தக்க படங்களுடன் எழுதினார். அவர் அந்நோயாளியின் மலத்தை நான்கு நாய்களுக்குள் செலுத்தினார். அவற்றுள் ஒன்றின் குடலில் புண்ணும் அமீபாவும் தோன்றின. எனினும் அமீபாவே நோயின் முதற்காரணம் என்று கூற அவர் துணியவில்லை. முன்னரே உண்டான அழற்சியை அது நீட்டிக்கின்றது என்ற அளவிலேயே நின்றார்.

குழப்பத்திற்குக் காரணம் இருந்தது. சீதபேதியுள்ளோர் குடலில் அமீபா இருந்தது. நோயே இல்லாதோர் குடலிலும் அமீபா இருந்தது. அப்படியாயின் அமீபா எங்ஙனம் நோய்க்குக் காரணமாகும்? 1903-ஆம் ஆண்டில் ஜெர்மானிய விலங்கு நூலறிஞர் ஷௌடின் இம்முடிச்சின் ஒரு பகுதியை அவிழ்த்தார். குடலில் வாழ்பவை ஒன்றல்ல, இரண்டு என்று அவர் காட்டினார். தீங்கற்றதற்கு எண்டமீபா கோலி என்றும், குடற்சுவரைக் கரைத்துப் புண்படுத்துவதற்கு எண்டமீபா ஹிஸ்டோலிடிகா என்றும் பெயரிட்டார். ஹிஸ்டோலிடிகா என்பதற்குத் 'திசுவைக் கரைப்பது' என்பது பொருள்.

இவ்விரண்டையும் உருப்பெருக்கியின்கீழ் வேறுபடுத்தல் கூடும். சூடாறாத மலத்தில் ஹிஸ்டோலிடிகா ஒரு திசை நோக்கி விரைந்து வழியும். அதன் தெளிந்த பொய்க்கால் சட்டென வெளிப்பாயும். கோலி சோம்பலாக அசையும். ஹிஸ்டோலிடிகாவின் உட்கருவில் நடுப்புள்ளி மிகச் சிறியதாய் நடுநாயகமாக அமைந்திருக்கும். அதன் ஓரத்து மணிகள் நுண்ணியனவாய், ஒழுங்காகக் கோத்த மாலைபோல் வரிசைப்பட்டிருக்கும். கோலியின் உட்கருவிலோ அப்புள்ளி பருத்து ஒரு பக்கம் ஒதுங்கியும், ஓரத்து மணிகள் தடித்து ஒழுங்கின்றியும் காணப்படும். முதிர்ந்த உறையை நோக்கின் வேறுபாடு இன்னும் தெளிவாகும். ஹிஸ்டோலிடிகாவின் உறை பெரும்பாலும் 12 முதல் 15 மைக்ரான் குறுக்களவுள்ளது. அதனுள் நான்கு உட்கருக்கள் இருக்கும். கோலியின் உறை அதனினும் பெரிது. அதனுள் எட்டு உட்கருக்கள் இருக்கும். இளம் உறைகளுட் காணும் கரிய கோல்கள் முன்னதில் மழுங்கிய நுனியுடையன. பின்னதில் பிளந்த மரச்சிராய் போன்ற நுனியுடையன.

ஆயினும் ஷௌடினும் ஓரிடத்தில் வழுவினார். ஹிஸ்டோலிடிகா உறை கட்டுவதில்லை என்றும், அதன் மேற்புறத்தில் நுண்ணிய மொட்டுக்கள் அரும்பி உதிர்வதாகவும் அவர் எழுதினார். அத்தகைய மொட்டுக்கள் உண்மையில் இல்லை. 1907-இல் வீரெக் என்பவர் நான்கு உட்கருவுள்ள உறைகளைக் கண்டு, அது வேறோர் இனம் எனக் கருதித் 'டெட்ராஜீனா' என்று புதுப்பெயர் இட்டார். பின்னர் 1911-இல், மணிலாவில் பணியாற்றிய வாக்கர் என்னும் அமெரிக்கர் இரண்டும் ஒன்றே எனத் தெளிவித்து, ஷௌடின் வகுத்த இலக்கணத்தைத் திருத்தியமைத்தார். பேரறிஞர் ஒருவர் கூறினார் என்பதனாலேயே இல்லாதது உள்ளதாகிவிடாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

வாக்கரும் அவர் தோழர் செல்லார்ட்ஸ் என்பவரும் 1913-இல் வெளியிட்ட சோதனை யாவரையும் வியப்பில் ஆழ்த்தியது. மணிலாவின் பிலிபிட் சிறையில், உடன்பட்ட கைதிகள் இருபதின்மருக்கு ஹிஸ்டோலிடிகா எனக் கருதப்பட்ட அமீபா உட்கொள்ளக் கொடுக்கப்பட்டது. சிறைப்பட்டோரின் உடன்பாடு எத்துணைச் சுயேச்சையானது என்று வினவும் இக்காலத்து மருத்துவ அறம் இதனை ஒப்பாது. அது நிற்க, விளைவைக் காண்போம். இருபதின்மருள் 18 பேர் குடலில் அமீபா குடியேறியது. ஆனால் சீதபேதி கண்டவர் நால்வர் மட்டுமே. மற்றைப் பதினால்வர் அமீபாவைத் தாங்கியும் நலமாகவே இருந்தனர்.

ஏன்? இதற்குப் பெரும்பாலோர் கூறிய விடை ஒன்றே: அமீபா ஒன்றுதான், அதனைத் தாங்கும் மனிதன் வேறுபடுகின்றான். ஒருவன் உணவு, உடல் வலிமை, குடலில் உடன் வாழும் பாக்டீரியாக்கள் ஆகியவற்றிற்கு ஏற்ப, அதே அமீபா ஒருவனிடம் சாதுவாகவும் மற்றொருவனிடம் கொடியதாகவும் ஒழுகும் என்றனர். கேட்பதற்குப் பொருத்தமான விடைதான். உருப்பெருக்கியும் அதற்கே சான்று பகர்ந்தது. நோயாளியின் உறையையும் நோயற்றவன் உறையையும் அருகருகே வைத்து நோக்கினும், அதே நான்கு உட்கரு, அதே நடுப்புள்ளி, அதே மணிமாலை.

இவ்விடத்தில்தான் பாரிஸ் நகரத்து மருத்துவப் பேராசிரியர் எமில் புரும்ப்ட் மாறுபட்டார். குளிர் நாடுகளிலே நான்கு உட்கருவுள்ள உறைகளைத் தாங்கியோர் பலர் இருந்தும், ஆங்கே அமீபா சீதபேதி அரிதாயிருப்பதை அவர் நோக்கினார். வெப்ப நாடுகளிலோ அந்நோய் மிகுதி. பூனைக்குட்டிகளில் தாம் செய்த சோதனைகளையும் இதனோடு பொருத்திப் பார்த்தார். 1925-ஆம் ஆண்டில், நான்கு உட்கருவுள்ள உறை கட்டும் அமீபாக்கள் இரண்டு என்றும், ஒன்று நோய் செய்வது, மற்றது ஒருபோதும் நோய் செய்யாதது என்றும் அவர் அறிவித்தார். நோய் செய்யாததற்கு எண்டமீபா டிஸ்பார் எனப் பெயரிட்டார். டிஸ்பார் என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'ஒவ்வாதது', 'வேறானது' என்று பொருள். கண்ணுக்குச் சற்றும் வேறுபாடு தோன்றாத ஒன்றற்கு 'வேறானது' என்ற பெயர் அமைந்தது காண்க!

அறிஞருலகம் அதனை ஏற்கவில்லை. அவர்களைக் குறை கூறுதலும் எளிதன்று. புதிய இனம் என்பார் அதன் குறியைக் காட்டுதல் வேண்டுமன்றோ? உட்கருவிலே வேறுபாடு இல்லை, உறையிலே வேறுபாடு இல்லை, அளவிலும் இல்லை. முன்னர் 1912-இல் பிரிக்கப்பட்ட எண்டமீபா ஹார்ட்மன்னிக்கேனும் உறை 10 மைக்ரானுக்குக் குறைவு என்ற குறி உண்டு. டிஸ்பாருக்கு அக்குறியும் இல்லை. காட்ட ஒரு குறியுமில்லாத இனத்தை எவ்வாறு நூலில் ஏற்றுவது? ஆகவே புரும்ப்ட் இட்ட பெயர் ஏட்டிலேயே உறங்கிற்று. 1951-இல் அவர் காலமானார்.

இதனால் நேர்ந்த தீங்கைச் சற்று எண்ணிப் பார்த்தல் தகும். மலச்சோதனையில் நான்கு உட்கருவுள்ள உறை காணப்பட்டவர் எல்லாரும் ஹிஸ்டோலிடிகாவைத் தாங்கியவராகவே கருதப்பட்டனர். கல்கத்தாவில் லெனார்ட் ரோஜர்ஸ் என்பவர் 1912-இல் எமிடீன் ஊசியால் அமீபா சீதபேதியைத் தணிக்கக் கண்டது பல உயிர்களைக் காத்த பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் எமிடீன் இருதயத்தைத் தாக்கவல்ல மருந்து. நோயில்லாத ஒருவனுக்கு அத்தகைய மருந்தை ஏற்றினால் அது நன்மையாகுமா? மற்றொரு தீங்கும் உண்டு. பாக்டீரியாவினால் பேதி கண்ட ஒருவனிடம் சாதுவான டிஸ்பாரும் தற்செயலாக வாழுமாயின், மருத்துவர் அதனையே குற்றவாளி எனத் துணிந்து உண்மைக் காரணத்தைத் தேடாது விட்டுவிடக்கூடும். ஓர் இனத்தைப் பிரித்தறியாமை என்பது இங்ஙனம் நோயாளியின் படுக்கை வரை வந்து சேருகின்றது.

ஐம்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்தன. 1978-இல் லண்டன் நகரில் ஸார்ஜன்ட் என்பவரும் அவர் தோழர்களும் புதிய வழியொன்றைக் கையாண்டனர். அமீபாவின் வடிவத்தை நோக்குவதை விடுத்து, அதனுள் இருக்கும் நொதிப்பொருள்களை நோக்கினர். நோயாளிகளிடமிருந்தும் நோயற்றவரிடமிருந்தும் அமீபாக்களை எடுத்துக் குழாயில் வளர்த்தனர். அவற்றின் சாற்றைக் கூழ்ப்பாளத்தில் இட்டு மின்சாரத்தைச் செலுத்தினர். ஒவ்வொரு நொதிப்பொருளும் தன் இயல்பிற்கேற்ற தூரம் ஓடி நிற்கும். நின்ற இடத்தைச் சாயத்தால் அறியலாம். ஒரே வேலையைச் செய்யும் நொதிப்பொருள் இருவகை அமீபாக்களிலும் இருவேறு தூரங்களில் நின்றது. குடற்புண்ணிலும் கல்லீரற்கட்டியிலும் காணப்பட்டவை யாவும் ஒரு தொகுதியிலேயே அடங்கின. உருப்பெருக்கி காட்ட மறுத்த குறியை நொதிப்பொருள் காட்டிற்று!

எனினும் ஐயம் உடனே தீர்ந்தபாடில்லை. வளர்ப்புக் குழாயில் ஒருவகை மற்றொரு வகையாக மாறிவிட்டது என்று 1986-இல் ஓர் அறிவிப்பு வந்தமையால், 'இரண்டும் ஒன்றின் இரு கோலங்களே' என்ற பழங்கொள்கை மீண்டும் தலையெடுத்தது. அதன்பின் பரம்பரைக் குணங்களைத் தாங்கும் டி.என்.ஏ. என்னும் பொருளை ஒப்புநோக்கியபோது, இருவகைக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒரே இனத்துக்குள் அடங்கத்தக்கதன்று என்பது புலனாயிற்று. இறுதியாக 1993-ஆம் ஆண்டில், அமெரிக்காவைச் சார்ந்த டயமண்ட், கிளார்க் என்னும் இருவர் எண்டமீபா ஹிஸ்டோலிடிகாவின் இலக்கணத்தை மீண்டும் வகுத்து, டிஸ்பாரை அதனின்றும் பிரித்தனர். புதிய பெயரொன்றை அவர்கள் இடவில்லை. முன்னரே ஒருவர் கண்டு பெயரிட்டிருப்பின் அப்பெயரே நிற்றல் வேண்டும் என்பது விலங்கு நூலோர் விதி. ஆதலின் அறுபத்தெட்டு ஆண்டுகளாக உறங்கிய 'எண்டமீபா டிஸ்பார், புரும்ப்ட், 1925' என்னும் பெயர் விழித்தெழுந்து தனக்குரிய இடத்தைப் பெற்றது.

1997-ஆம் ஆண்டு ஜனவரியில் மெக்ஸிகோ நகரில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சார்பில் கூடிய அறிஞர் இதன் பயனை நடைமுறைக்குக் கொணர்ந்தனர். உருப்பெருக்கியில் நான்கு உட்கருவுள்ள உறை மட்டும் காணப்பட்டால், 'ஹிஸ்டோலிடிகா அல்லது டிஸ்பார்' என்று இரண்டையும் சேர்த்தே எழுதுக. டிஸ்பார் மட்டுமே உளது எனத் தெளிந்தால் அதற்கு மருந்து வேண்டா. ஹிஸ்டோலிடிகா எனத் தெளிந்தால், நோய்க்குறி தோன்றாதவர்க்கும் மருந்து தருக என்பது அவர்கள் தந்த அறிவுரையின் சாரம். முன்னர் ஹிஸ்டோலிடிகாவைத் தாங்கியோர் எனக் கணக்கிடப்பட்டவருள் பத்தில் ஒன்பது பங்கினர் வரை உண்மையில் டிஸ்பாரையே தாங்கியோராக இருக்கலாம் என்பதும் மதிப்பிடப்பட்டது. வாக்கரின் கைதிகளுள் பெரும்பாலோர் நலமாயிருந்ததன் காரணத்தையும் இதனால் ஒருவாறு உய்த்துணரலாம். ஆனால் ஹிஸ்டோலிடிகாவைத் தாங்கியோர் எல்லாரும் நோயுறுவர் என்றும் எண்ணற்க. அவருள்ளும் பலர் நலமாகவே இருப்பர். மனிதனின் உடல்நிலையும் ஓரளவு காரணம் என்ற பழைய விடை முற்றும் பொய்த்துவிடவில்லை. அது முழு விடையன்று என்பதே தெளிந்தது.

இனி உருப்பெருக்கிக்கு வேலையில்லை என்று மாணவர் கருதலாகாது. சீதபேதியுள்ளவன் மலத்தில் இரத்தச் செவ்வணுக்களை விழுங்கிய அமீபா காணப்படின், அது ஹிஸ்டோலிடிகா என்பதற்கு இன்றும் வலிய அறிகுறியாகும். அமீபாவையும் அதனைப்போலத் தோன்றும் மனித வெள்ளணுவையும் மயங்காது பிரிப்பது பழகிய கண்ணே. புதிய இனங்களைத் தேடுவோர்க்கும் அது வழித்துணை. நான்கு உட்கருவுள்ள உறை கட்டும் எண்டமீபா மோஷ்கோவ்ஸ்கி என்னும் மற்றோர் இனம் 1941-இல் மாஸ்கோ நகரத்துச் சாக்கடை நீரினின்றும் விவரிக்கப்பட்டது. 2012-இல் வங்காள தேசத்து டாக்கா நகரின் மீர்ப்பூர்ப் பகுதிக் குழந்தைகளிடம் பிறிதோர் இனம் கண்டறியப்பட்டு, எண்டமீபா பங்களாதேஷி எனப் பெயர் பெற்றது. அதன் வரலாறு கருதத்தக்கது. உருப்பெருக்கி 'அமீபா உளது' என்றது. முன்னறிந்த இனங்களுக்குரிய டி.என்.ஏ. சோதனைகளோ 'இல்லை' என்றன. இரண்டும் முரண்பட்ட இடத்தில், முரண்பாட்டைத் தள்ளிவிடாது ஆராய்ந்தமையாற் புதிய இனம் வெளிப்பட்டது. ஒரு கருவி மட்டும் இருந்திருப்பின் அஃது அறியப்படாமலே போயிருக்கும்.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? கண்டதை ஐயத்துக்கிடமின்றி அளந்து எழுதுதல் அறிவியலின் முதற்கடமை. ஷௌடினின் மொட்டுக்கள் அதனை நினைவூட்டுகின்றன. ஆனால் 'வேறுபாடு காணவில்லை' என்பதும் 'வேறுபாடு இல்லை' என்பதும் ஒன்றல்ல. முன்னது நம் கண்ணைப் பற்றிய கூற்று. பின்னது பொருளைப் பற்றிய கூற்று. ஐம்பது ஆண்டுகளாக அறிஞர் பலர் முன்னதைக் கூறவேண்டிய இடத்தில் பின்னதைக் கூறினர். புரும்ப்ட் ஒருவரே, தம் கண்ணுக்குத் தோன்றாத வேறுபாட்டை நோயாளிகளின் நிலையிலிருந்து உய்த்துணர்ந்தார்.

நம் கல்லூரி ஆராய்ச்சிக் கூடத்தில் உருப்பெருக்கியின்முன் அமரும் மாணவர், தாம் கண்டதை உள்ளவாறே வரைக, காணாததை வரையற்க. வரைந்து முடித்தபின், இக்கருவிக்கு எட்டாதது இன்னும் எவ்வளவு உளதோ என்று ஒருகணம் எண்ணுக. அவ்விரண்டும் ஒருங்கே கைவரப் பெற்றவனே மெய்யறிவின் வாயிலை அடைந்தவன் ஆவான்.